அத்தான் தொடவிடாத பிடில்

அக்காவும் அத்தானும் குளிர்கால விடுமுறைக்கு வந்து இறங்கியபோது பிடில் பெட்டி அத்தானின் கையில் இருந்தது. கழுகின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். அக்காவின் முகத்தை அவள் அதற்கப்புறம்தான் பார்த்தாள்.

கழுகு என்பது தம்பி வைத்த பெயர். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகள் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் நுழைந்து வெளியே வரும்போது, திரைக்கு முன்னால் உட்கார்ந்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கிற வேலை அவளுக்கு. சோப்பு டப்பாவுக்குள் பிளேடைச் செருகி வைத்தவரைப் பிடித்திருக்கிறாள். குழந்தையின் பொம்மைக் கரடிக்குள் கத்தியைத் தைத்துக்கொண்டு வந்தவரைப் பிடித்திருக்கிறாள். வேலையில் அந்தக் கண் நல்ல பெயர் வாங்கித் தந்தது. வீட்டில் அதே கண்ணோடு குடித்தனம் நடத்துவது மற்றவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். தம்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் எந்தப் பையில் சிகரெட் வைத்திருக்கிறான் என்று சொல்லிவிடுவாள். "சின்னக்கா வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நானே என்னை ஒரு தடவை தடவிப் பாத்துக்கறேன்" என்பான் அவன்.

அந்தப் பிடில் அப்பாவுடையது. தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்த அப்பாவுக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. குளிர்கால விடுமுறை விட்டால் வீட்டில் வேறு எந்த வேலையும் நடக்காது. பழைய வாத்தியங்களெல்லாம் அலமாரியிலிருந்து இறங்கும். யார் எழுதியதென்று தெரியாத, காது வழியாகவே தலைமுறை தாண்டி வந்த பாட்டுகளை எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். பிடில் அப்பாவுக்கும் அக்காவுக்கும் மாறி மாறி. கழுகுக்கு, விரிசல் விட்டு நூல் சுற்றிய ஒரு மரப் புல்லாங்குழல். தம்பிக்கு அகலமான தோல் மேளம். அக்காவுக்குக் கல்யாணமாகி, சரிகமகூடத் தெரியாத மாப்பிள்ளை வீட்டுக்குள் வந்தபோது, அவரைச் சும்மா உட்கார வைப்பானேன் என்று அப்பா சுருதிப்பெட்டியின் துருத்தியை அவர் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அத்தானின் உத்தியோகம் அது. காற்றடைத்து விட்டுக்கொண்டே இருப்பார், முகத்தில் பெரிய வித்வானின் களையோடு.

அப்பாவின் கடைசிக் குளிர்காலத்தில் அவருக்குப் பாட்டுகள் பாதியில் மறந்துபோயின. அவர் களைத்துப்போகக் கூடாதென்று கழுகுதான் பிடிலை அவர் மடியிலிருந்து எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு அக்கா அந்தப் பெட்டியை வேறு யாரையும் தூக்க விட்டதில்லை. கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டுதான் விமானத்திலிருந்து இறங்குவாள்.

இந்த முறை அவள் இரண்டு கைகளையும் கம்பளிக் கோட்டின் பைகளுக்குள் விட்டுக்கொண்டு, சும்மா நடந்து வந்தாள்.

"என்ன, அத்தானுக்குப் பதவி உயர்வா?" என்று கேட்டாள் கழுகு.

"குளிரு. கையை வெளிய எடுக்க முடியல" என்றாள் அக்கா.

"நான் வாங்கிக்கறேன், குடுங்க அத்தான்."

"வேணாம்மா, இருக்கட்டும். பழகிடுச்சு" என்று அத்தான் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பெட்டியில் புதிதாக ஒரு சின்னப் பூட்டுத் தொங்கியது.

அத்தானைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் பழைய மரச்சாமான்கள் வாங்கி விற்பவர். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் நேற்றுச் செய்த நாற்காலியைத் தேயிலைச் சாயமும் மெழுகும் போட்டுத் தேய்த்து, ராஜா உட்கார்ந்த நாற்காலிபோல ஆக்கிவிடுகிற கை அவருக்கு. அதைப் பெருமையாகச் சொல்லியும் காட்டுவார். அப்படிப்பட்டவர் கையில் பூட்டுப் போட்ட பெட்டி. கழுகின் மனசுக்குள் ஏதோ ஒன்று மெல்லத் தலைதூக்கியது.

மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. தம்பி மேளத்தை ஹீட்டர் பக்கம் சாய்த்துவைத்து, தளர்ந்த தோல் விறைக்கும்வரை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தான். கழுகு புல்லாங்குழலைக் கம்பளிக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டாள். சில்லிட்ட குழல் சுருதி இறங்கிப் பாடும்.

பெட்டியைத் திறந்தது அத்தான். பிடிலை எடுத்ததும் அவர்தான். முறுக்காணிகளைத் திருகிச் சுருதி சேர்த்ததும் அவரே. சுருதிப்பெட்டியின் ஒலியைக் காதில் வாங்கிக்கொண்டு, கண்ணை மூடி, தந்தியை மீட்டி மீட்டிச் சரிசெய்தார்.

"இதெல்லாம் எப்போ கத்துக்கிட்டீங்க?" என்றான் தம்பி.

"இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கேனே. கழுதைக்கும் காது இருக்குல்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். கழுகு சிரிக்கவில்லை.

அக்கா வில்லைப் போட்டதும் கழுகுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் பிடிலுக்கு ஒரு குரல் உண்டு. கீழ்த்தந்தியில் ஜலதோஷம் பிடித்தவன் பேசுவதுபோல் ஒரு கம்மல். அந்தக் கம்மல்தான் அதன் அழகு. இப்போது வந்த குரல் சுத்தமாக, கழுவித் துடைத்ததுபோல இருந்தது.

"சத்தம் வேற மாதிரி இருக்கே" என்றாள் கழுகு.

"குளிருதான்" என்றாள் அக்கா.

"புதுத் தந்தி" என்றார் அத்தான்.

இரண்டு பதில்களும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றோடொன்று மோதின. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சோதனை மேஜையில் அவள் எத்தனையோ தம்பதிகளிடம் பார்த்த பார்வை அது. பெட்டியை யார் அடுக்கினீர்கள் என்று கேட்டால், நான் என்று ஒருவரும் அவர் என்று இன்னொருவரும் சொல்லும்போது வருகிற பார்வை.

அன்று வாசித்ததெல்லாம் நிதானமான பாட்டுகள். தம்பிக்குப் பிடித்த ஓட்டப்பாட்டு ஒன்று உண்டு. வில் தந்தியின்மேல் துள்ளித் துள்ளி ஓட வேண்டும். அவன் அதை வாசிக்கச் சொன்னபோது அக்கா, "அது வேணாம்டா, இன்னொரு நாள்" என்றாள். அடுத்த நாளும் அதையே சொன்னாள். கழுகு மனசுக்குள் கணக்கைச் சரிபார்த்தாள். அப்பாவின் பிடிலை அத்தான் மாற்றிவிட்டார். வேகமாக வாசித்தால் கள்ளப் பிடிலின் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் அக்காவை வாசிக்க வேண்டாமென்று அவர் சொல்லி வைத்திருக்கிறார்.

வாசிப்பு முடிந்ததும் அவள் பிடிலை நோக்கிக் கையை நீட்டினாள். அத்தான் நடுவில் வந்தார்.

"தொடாதம்மா. குளிர்ல பசை விட்டுப்போகும்."

"நான் தொட்டா மட்டும் விட்டுப்போகுமா?"

"உன் கை சூடு வேற, என் கை சூடு வேற" என்று சொல்லிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாவியைப் போட்டபிறகு பையை ஒருமுறை தட்டியும் பார்த்தார். திருடனாவது கொஞ்சம் மறைப்பான், இந்த மனிதர் விளம்பரப் பலகை வைத்துக்கொண்டு அலைகிறாரே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அதற்குப் பிறகு அவருடைய ஒவ்வொரு அசைவும் அவளுக்குச் சாட்சி சொன்னது. காலையில் அக்காவுக்கு அவரே தேநீர் போட்டுக் கொடுத்தார், அதுவும் அரைக் கோப்பை. தீர்ந்ததும் இன்னொரு அரைக் கோப்பை. தோசையைப் பிய்த்து வைத்தது, ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிட்டது எல்லாம் அவர்தான். முன்பெல்லாம் தன் தட்டையே எடுத்துக் கழுவாதவர். மனசில் அழுக்கு இருக்கிற புருஷன்தான் இப்படிப் பணிவிடை செய்வான் என்று நினைத்தாள் கழுகு. அக்கா பாவம், கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறாள்.

ஒரு நாள் அவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கழுகு துணி உலர்த்துகிற சாக்கில் பக்கத்து ஜன்னலில் நின்றாள்.

"இல்ல, இங்க யாருக்கும் தெரியாது" என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "தெரிய வேணாம்னுதான். திங்கக்கிழமை நேர்ல வரோம், பேசிக்கலாம்."

ஈரத் துண்டு அவள் கையிலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

சமையலறையில் தம்பியைப் பிடித்துவைத்துச் சொன்னாள்.

"அது அப்பா பிடில் இல்லடா. அத்தான் மாத்திட்டாரு."

தம்பி வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தான். "சின்னக்கா, லீவுல இருக்க. கொஞ்சம் கண்ணுக்கு ஓய்வு குடு."

"சத்தம் உனக்கு வித்தியாசமா தெரியல?"

"தெரியுது. நல்லாத்தான இருக்கு."

"நல்லா இருக்குங்கறதுதான்டா பிரச்சனை. அப்பா பிடில் என்னிக்கு நல்லா இருந்துச்சு?"

அவன் உரிப்பதை நிறுத்தினான். "கேட்டுட வேண்டியதுதானே" என்றான்.

"கேட்டா ஒத்துக்குவாரா? சாயம் போட்டே பொழைக்கிறவரு. ஆதாரம் வேணும்."

ஆதாரம் எங்கே கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். பழைய காலத்துப் பிடில்களில், கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் உள்பக்கமாக ஓர் இரும்பு ஆணி அடித்திருப்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. அவள் வேலையில் சேர்ந்த வருஷம், அக்கா ஊருக்குத் திரும்பும்போது பக்கத்து வரிசையில் இருந்த தோழி அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். ஆரஞ்சு நிறத்தில் பிடிலின் நிழல். கழுத்தின் அடியில் கொஞ்சம் வளைந்த, அடர்நீல ஆணி ஒன்று. அப்பாவுக்கே தெரியாத ரகசியத்தைப் பார்த்துவிட்டதாக அன்றைக்கு அவளுக்கு ஒரே சந்தோஷம். அக்கா ஊருக்குத் திரும்பும் நாளில் அந்தத் திரை எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதுவரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவுசெய்தாள்.

அதற்குள் அடுக்குமாடியின் பொதுக் கூடத்தில் வாசிப்பு வந்தது. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பிற்பகல் அங்கே வாசிப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. அக்கம்பக்கத்தவர்கள் வீட்டிலிருந்தே நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதல் மூன்று பாட்டும் நன்றாகவே போயின. அப்புறம் யாரோ அந்த ஓட்டப்பாட்டைக் கேட்டார்கள். கூட்டத்தின் முன்னால் அக்காவால் மறுக்க முடியவில்லை. தம்பி உற்சாகமாகத் தாளத்தைத் தொடங்கிவிட்டான்.

பாட்டு சூடுபிடிக்கிற இடத்தில் படாரென்று ஒரு சத்தம். அத்தானின் முழங்கை பட்டுச் சுருதிப்பெட்டி மேஜையிலிருந்து கீழே விழுந்தது. கூடம் முழுக்க எழுந்து நின்றது. அத்தான் குனிந்து பெட்டியைப் பொறுக்கிக்கொண்டே, "என் தப்பு, என் தப்பு. தூங்கிட்டேன் போல" என்று எல்லாரையும் சிரிக்கவைத்தார். பெட்டியின் துருத்தி கிழிந்திருந்தது. வாசிப்பு அத்தோடு முடிந்தது.

கழுகு அத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தூங்கவில்லை. முழங்கையை வேண்டுமென்றே இடித்தார். அதை அவள் கண்ணால் பார்த்தாள். அப்போது அக்காவின் வில் என்ன செய்துகொண்டிருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

புறப்படுகிற நாள் வந்தது. சொந்தக்காரர்களின் பெட்டியைச் சோதிக்கக் கூடாது என்பது வேலையில் விதி. தோழியிடம் ஏதோ காரணம் சொல்லி, அக்காவும் அத்தானும் நிற்கிற வரிசைக்கு மாறி உட்கார்ந்தாள். பிடிபட்டால் மெமோ வரும். வரட்டும் என்றிருந்தது அவளுக்கு.

கறுப்புப் பெட்டி நகரும் பட்டையில் ஏறி ரப்பர்த் திரைகளுக்குள் நுழைந்தது. ஆரஞ்சு நிழல் திரையில் விரிந்தது. கழுகு பட்டையை நிறுத்தினாள். கழுத்தின் அடியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மரம் மட்டும்தான் இருந்தது. ஆணி இல்லை.

தான் சொன்னது சரியாகிவிட்டால் உடம்பில் ஒரு குளிர்ச்சி பரவும், அவளுக்கு அது பழக்கம். இன்றைக்கு அது வரவில்லை. திரையைத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து சோதனை மேஜைக்கு வந்தாள்.

"பெட்டியத் திறங்க" என்றாள், வேலைக் குரலில்.

அத்தான் மறுபேச்சுப் பேசாமல் சாவியை எடுத்துத் திறந்தார். அவள் முதல்முறையாக அந்தப் பிடிலைக் கையில் எடுத்தாள். கீறல்கள்கூட அதே இடங்களில் இருந்தன. முகவாய் வைக்கும் இடத்தின் கறை, ஓரத்தில் பல் பட்டதுபோன்ற தேய்மானம், எல்லாம் அப்படியே. அவ்வளவு நுணுக்கமான வேலை.

"இது அப்பாவோடது இல்ல, அத்தான்."

அவர் ஒரு கணம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இல்லதான்" என்றார். "வித்துட்டேன். ஒரு ஆளு ஆசைப்பட்டுக் கேட்டான். உங்கக்காவுக்குத் தெரியாது. அவளை எதுவும் கேக்காத. திட்டணும்னா என்னைத் திட்டு."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். யாரோ கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்கள். கழுகுக்கு எதுவும் கேட்கவில்லை.

"உங்களுக்கு அப்பா துருத்திய மட்டும் குடுத்தாரே, ஆளைத் தெரிஞ்சுதான் குடுத்திருக்காரு" என்றாள்.

அத்தானின் முகம் சுருங்கியது. ஆனாலும் அவர் தலையை ஆட்டிக்கொண்டார், சரியான விலைக்குச் சாமான் விற்றுவிட்டவரைப் போல. அந்தத் தலையாட்டல்தான் அவளைக் குழப்பியது. இத்தனை வருஷத்தில் பிடிபட்ட எவரும் அவளிடம் அப்படி நிம்மதியாகத் தலையாட்டியதில்லை.

"என்னங்க, போதும்" என்றாள் அக்கா.

"நீ போ. நான் பேசிக்கறேன்" என்றார் அத்தான்.

"போதும்னு சொல்றேன்ல."

அக்கா கோட்டுப் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தாள். மேஜைமேல், பிடிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல ஒன்றோடொன்று உரசி ஆடிக்கொண்டே இருந்தன. அவள் இடது கையால் அதைப் பிடித்து அழுத்தினாள். அழுத்திய கையும் சேர்ந்து ஆடியது.

"அவரு விக்கல. நான்தான் கீழ போட்டேன்" என்றாள். "மேல்படியில உக்காந்து வாசிச்சுக்கிட்டு இருந்தேன், கை விட்டுடுச்சு. மாடிப்படியில உருண்டு கழுத்து பிஞ்சு வந்துடுச்சு. எனக்காகத்தான் இவரு தேடித் தேடி இதை வாங்கி, ராத்திரி பகலா உக்காந்து சாயம் போட்டாரு."

"அக்கா, எப்போலேர்ந்து..."

"விமானத்துக்கு நேரமாச்சுடி. வேலையப் பாரு."

மேற்பார்வையாளர் என்ன நடக்கிறதென்று கேட்டுக்கொண்டு வந்தார். கழுகு, "ஒண்ணுமில்ல சார், வாத்தியம்தான்" என்று சொல்லிப் பிடிலை அதன் குழியில் வைத்தாள். அத்தான் மூடினார். அவர்கள் இரண்டு பேரும் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போனார்கள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அத்தான்தான் பார்த்தார். பார்த்து, போ போ என்று கையசைத்தார். கழுகு திரும்பத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன.

அந்த வாரமே கழுகு விடுப்புப் போட்டுவிட்டு அக்காவின் ஊருக்குப் போனாள். கடை பூட்டும் நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள். கடை கீழே, வீடு மேலே. அத்தான் ஒரு அலமாரிக் கதவுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், அன்னிக்கு நான் அங்க சொன்னது..."

"வலிச்சுது" என்றார் அவர், தேய்ப்பதை நிறுத்தாமல். "இல்லேன்னு சொன்னா அது பொய். ஆனா அது நானா கேட்டு வாங்கினதும்மா. உன் கண்ணு எம்மேல இருந்தா அவ மேல போகாதுல்ல? அதுக்குத்தான் பூட்டு, சாவி, பால்கனி எல்லாம். டாக்டர் வீட்டுக்குப் போன் பண்ணக்கூட நீ பாக்கற மாதிரிதான் எடுத்துக்கிட்டுப் போனேன்."

இத்தனை பேரைப் பிடித்தவளை ஒரு பழைய சாமான் வியாபாரி விரல் நுனியில் வைத்து ஆட்டியிருக்கிறார். கோபப்படவும் முடியவில்லை.

மேலே அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். டாக்டரைப் பார்த்தாகிவிட்டது. நரம்பு சம்பந்தப்பட்ட நோய். ஒரேயடியாகக் குணமாகாது, மாத்திரையால் கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் நடுக்கம் இல்லை.

"என்கிட்ட ஏன்க்கா மறைச்ச?"

அக்கா, "அப்பாகிட்டேர்ந்து நீ பிடில வாங்கினியே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"அவரு களைச்சுப்போனாருக்கா."

"அவரு களைக்கல. தப்பா வாசிச்சாரு. ரெண்டும் வேற. பாட்டு பாதியில விட்டுப்போனா அவரு பாட்டுக்கு மறுபடி ஆரம்பிப்பாரு, அதுல அவருக்கு ஒண்ணும் இல்ல. நீதான் பாத்துக்கிட்டே இருந்த. ஒவ்வொரு தப்புக்கும் அவரு உன் மூஞ்சியப் பாத்தாரு. அப்புறம் நீ வந்து எடுத்துக்கிட்ட. அதுக்கப்புறம் அவரு கேக்கவே இல்ல." அக்கா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "நீ கெட்ட எண்ணத்துல செய்யல. தெரியும். எனக்கும் அதையேதான் செஞ்சிருப்ப. ஒரு லீவாவது யாரும் பாக்காம வாசிச்சுட்டுப் போகணும்னு இருந்துச்சு."

கழுகு எதிர்த்து வாதாட வாயைத் திறந்தாள். அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. பிடிலை எடுத்தபோது அவர் தடுக்கவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பை இத்தனை வருஷமும் சம்மதம் என்றே வைத்திருந்தாள். இப்போது அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

அங்கே தங்கியிருந்த நாட்களில் மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்க நாக்குத் துடித்தது. இரண்டு முறை கேட்டும் விட்டாள். "பாத்தியா" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு கழுகு கேள்வி வரும்போதெல்லாம் எழுந்து கீழே கடைக்குப் போய், அத்தானோடு நாற்காலிக் கால்களுக்கு உப்புத்தாள் தேய்த்தாள். கிளம்புவதற்கு முன் தம்பியிடம் யார் சொல்வது என்று பேச்சு வந்தது. நீயே சொல்லு, ஆனா அழுகைக் குரல்ல சொல்லாத என்றாள் அக்கா.

அடுத்த குளிர்கால விடுமுறைக்கு அக்கா வந்தாள். பெட்டியை அத்தான்தான் தூக்கிக்கொண்டு வந்தார், பூட்டு இல்லாமல். கிழிந்த துருத்தியைத் தோல் ஒட்டிச் சரிசெய்து கொண்டுவந்திருந்தார். தம்பி மேளத்தை ஹீட்டரில் காயவைத்தான். மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம் பிற்பகல் என்பதால் வாசிப்பைப் பிற்பகலுக்கே வைத்துக்கொண்டார்கள்.

கழுகுக்குத்தான் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்தால் ஜன்னலில் அக்காவின் கை தெரிந்தது. தரையைப் பார்த்தால் வில்லின் நிழல். அவள் திண்டாடுவதைக் கவனித்த அத்தான் துருத்தியை அழுத்திக்கொண்டே பக்கத்தில் சாய்ந்தார்.

"என்னையே பாத்துட்டு வாசிம்மா. பழகின கண்ணுதானே" என்றார்.

அவள் அப்படியே செய்தாள்.

அடுக்குமாடிக் கூடத்தில் இந்த முறையும் நாற்காலிகள் நிரம்பின. இரண்டாவது பாட்டின் நடுவில் அக்காவின் வில் தந்திமேல் நின்றுவிட்டது. ஒன்றிரண்டு முறை உரசியது, பிறகு அதுவும் இல்லை. கழுகின் உடம்பு தானாக எழப் பார்த்தது. உட்கார்ந்தே இருந்தாள். குழலில் பாட்டைப் பிடித்துக்கொண்டு போனாள். தம்பி தாளத்தை விடவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு பிடில் ஓரமாக வந்து சேர்ந்துகொண்டது, கூட்டமான பேருந்தில் ஒருவர் இடம்பிடித்து ஏறுவதுபோல.

பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த தையல்கார அம்மா, "நடுவுல ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார்.

கழுகு அத்தானைப் பார்த்தாள். அத்தான் எதுவும் தட்டிவிடவில்லை.

"எனக்கு உடம்பு சரியில்லம்மா. சில நேரம் கை சொல்பேச்சுக் கேக்காது" என்றாள் அக்கா. "கேக்கறப்போ வாசிப்பேன்."

அந்த அம்மா சரி என்று தலையாட்டினார். பின்னாலிருந்து யாரோ போன தடவை பாதியில் நின்றுபோன அந்த ஓட்டப்பாட்டைக் கேட்டார்கள். தம்பி தயங்கிப்போய் அக்காவைப் பார்த்தான்.

"நீ ஆரம்பிடா" என்றாள் அவள். "வேகத்தையெல்லாம் குறைக்க வேணாம். எனக்கு வர்ற இடத்துல நான் வரேன்."